கையுறைக்குள் அடங்கும் கட்டு

ஜீரோ சாரைத் தெரியாதவர்கள் அந்தக் குடியிருப்பில் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. மின்கட்டண ரசீதில் மட்டும் அது உயிர் பிழைத்துக் கிடக்கிறது. இரும்புச் சாமான் செய்கிற பெரிய தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். அவர் காலத்தில் அங்கே விபத்து என்பதே இல்லை. வாசலில் தொங்கிய போர்டில் அப்படித்தான் போட்டிருந்தது. போர்டு பொய் சொல்லுமா? ஓய்வு பெற்ற அன்று ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள், கூடவே இந்தப் பட்டப்பெயரையும் கொடுத்தனுப்பினார்கள். சார் இரண்டையும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி அதே தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்தவர். அங்கேதான் பார்த்துப் பேசிப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் நர்சக்கா. வீட்டுக்கு யார் வந்தாலும் சார் ஒரு வேடிக்கை சொல்வார். "எங்க ஃபாக்டரியிலேயே சும்மா உக்காந்து சம்பளம் வாங்கினது இவ ஒருத்திதான். நான் யாரையாவது அடிபட விட்டாத்தானே இவளுக்கு வேலை?" வந்தவர்கள் சிரிப்பார்கள். நர்சக்காவும் சிரிப்பார். கொஞ்சம் பிந்திச் சிரிப்பார், ஆனால் அதையெல்லாம் உட்கார்ந்து யார் கவனிக்கிறார்கள்?

ஓய்வு பெற்ற பிறகு சாருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்க ஆள் இல்லை. ஒரு நாள் சமையல்கட்டில் போய் நின்று, கத்தியை எப்படி வைக்க வேண்டும் என்று மனைவிக்கு வகுப்பெடுத்தார். மறுநாளே நர்சக்கா அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குடியிருப்பின் பொதுத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஆளுக்கொரு பாத்தி போட்டு ஏதோ வளர்த்துக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. இலை வாரும் வாரி பல்லைக் காட்டிக்கொண்டு வழியிலேயே மல்லாந்திருந்தது. சாருக்கு அதைக் கண்டதும் உடம்பில் புது ரத்தம் ஓடியது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், கருவி விஷயத்தில் மனிதர் சொன்ன ஒரு வார்த்தையில்கூடக் குற்றம் காண முடியாது. கருவி வாங்கப் போனால் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிடலாமா என்று யோசிப்பார். மண்வெட்டிக் காம்பை வெளிச்சத்தில் பிடித்து, மரத்தின் ரேகை நெடுக்காக ஓடுகிறதா, நடுவில் கணு இருக்கிறதா என்று பார்ப்பார். கணு இருந்தால் அந்த இடத்தில்தான் முறியும் என்பார். காம்பை நிறுத்தி வைத்தால் நெஞ்சு உயரம் வர வேண்டும், குட்டையாக இருந்தால் இடுப்பு போய்விடும் என்பார். பாத்தி போட்டிருந்தவர்களில் பேக்கரிக்காரருக்கு உள்ளங்கை முறம் மாதிரி என்பதால் அவருக்குச் செடி வெட்டப் பெரிய கத்தரி, டியூஷன் டீச்சருக்குச் சின்னக் கை என்பதால் ஸ்பிரிங் இளகிய சின்னக் கத்தரி என்று ஆளைப் பார்த்து வாங்கினார். அதற்குப் பிறகு டீச்சர் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னதே இல்லை.

வாங்கினால் போதுமா, பராமரிக்க வேண்டாமா? வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். கருவி அறை வாசலில் ஒரு வாளி நிறைய மணலில் எண்ணெய் ஊற்றிக் கலந்து வைத்திருந்தார். மண்வெட்டியை அதில் நாலு தரம் குத்தி எடுத்தால் மண்ணும் போகும், எண்ணெயும் ஏறும். கத்தரிக்கு ஒரே திசையில்தான் அரம் போட வேண்டும். எடுத்துப் போகும்போது அதன் கைப்பிடிப் பூட்டைப் போட்டு, நுனி கீழே பார்க்கப் பிடிக்க வேண்டும். வாரியைச் சாய்த்து வைத்தால் பல் சுவரைப் பார்க்க வேண்டும். அறைச் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்து வைத்திருந்தார். எது வீடு திரும்பவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வினையெல்லாம் விசாரணையில்தான் இருந்தது. கருவி அறைக் கதவுக்குப் பக்கத்தில் சார் ஒரு போர்டு மாட்டினார். 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே கொக்கிகளில் எண் தகடுகள். தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே போய்த் தகட்டை மாற்றுவார், போர்டைத் துடைப்பார். யாருக்காவது அடிபட்டால் ஞாயிறுதோறும் நடக்கிற தோட்டக் கூட்டத்தில் அவர்கள் எல்லார் முன்னாலும் அந்தப் போர்டுக்குக் கீழே நிற்க வேண்டும், சார் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், பிறகு தங்கள் கையாலேயே பூஜ்யத்தை மாட்ட வேண்டும். ஒரு மாதம் கருவியைத் தொடக் கூடாது.

முதலில் மாட்டியது டியூஷன் டீச்சர். களை கொத்தும்போது விரலில் சின்ன வெட்டு, ஒரு சொட்டு ரத்தம். சார் அவரை நிற்க வைத்து, "கவனம் எங்க இருந்துச்சு, டீச்சர்?" என்று கேட்டார். பின்வரிசையில் டீச்சரிடம் படிக்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் தங்களைக் கேட்கிற அதே கேள்வி டீச்சருக்கே வந்ததில் அவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதிசயம்தான் போங்கள். எல்லாரும் சார் சொன்னபடி எந்நேரமும் கையுறையோடுதான் திரிந்தார்கள். சிலர் கடைக்குப் போகும்போதுகூடக் கழற்றவில்லை. சாருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ஒவ்வொரு கூட்டத்தையும் அவர் மீசைக்காரர் கதையோடுதான் முடிப்பார். மீசைக்காரர் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மிஷின் ஓட்டியவர். வேலையை விட்டுவிட்டு ஊரோடு போகிறேன் என்று ஒரு நாள் வந்து நின்றாராம். "இத்தனை வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. அன்னைக்கு லீவு நாள், அப்பவும் மனுஷன் கையுறை போட்டுத்தான் வந்தார். நான் என் கையால ஒரு ஜோடி புதுக் கையுறை பரிசா கொடுத்தேன். வாங்கும்போது அவர் கண்ணுல தண்ணி. பாதுகாப்போட அருமை தெரிஞ்சவர்." கதை இந்த இடத்துக்கு வந்ததும் நர்சக்கா அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவார்.

இப்படியே ஒரு வருஷம் நிறையப் போகிற சமயத்தில், எல்லாக் குடியிருப்புகளுக்கும் சேர்ந்த கூட்டமைப்பின் தலைவர் காதுக்கு விஷயம் போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கேடயம் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அதோடு சாரைக் கூட்டமைப்பு முழுவதற்கும் பாதுகாப்பு ஆலோசகராக அறிவிக்கப் போவதாகவும் சொன்னார். சார் அந்தத் தகவலை நர்சக்காவிடம் மட்டும் ஏழெட்டுத் தடவை சொன்னார். மறுபடியும் ஒரு கூட்டம் தன் சொல்லுக்கு எழுந்து நிற்கப் போகிறது என்கிற நினைப்பே அவருக்குப் பத்து வயதைக் குறைத்திருந்தது.

சனிக்கிழமை காலை கருவி அறை வாசலில் உட்கார்ந்து, தலைவர் முன்னால் காட்டுவதற்காகப் புதுக் கத்தரிக்குச் சாணை பிடித்தார். அரத்தை ஒரே திசையில்தான் தள்ளினார். பிசிரைக் கல்லில் தேய்த்து எடுத்தார், எண்ணெய்த் துணியால் துடைத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. அப்புறம் பதம் ஏறியிருக்கிறதா என்று கட்டை விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். இதே காரியத்துக்காகத் தொழிற்சாலையில் ஒரு ஆளை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பியவர் அவர். காகிதத்தை வெட்டிப் பார், விரலை வைக்காதே என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர். பதம் நன்றாகவே ஏறியிருந்தது.

ரத்தம் வந்த வேகத்தில் அவர் முதலில் விரலைப் பார்க்கவில்லை. போர்டைத்தான் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. கையில் இருந்த எண்ணெய்த் துணியையே இறுக்கிச் சுற்றி, மேலே கையுறையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

காலைச் சாப்பாட்டைக் கையுறையோடு ஸ்பூனால் சாப்பிட்டார். கையுறையோடு பேப்பர் படித்தார், பக்கம் புரட்டவே அரை மணி நேரம் ஆனது. என்ன இது கோலம் என்று நர்சக்கா கேட்டதற்கு, நாளைக்கு மேடையில் உறுத்தாமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன் என்றார். மாலைக்குள் விரல் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. சார் தேநீர் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். நிமிர்ந்தபோது மேஜைமேல் மருந்துப் பெட்டி இருந்தது.

"எந்த விரல்?" என்றார் நர்சக்கா.

"என்ன எந்த விரல்?"

"டம்ளரைப் பிடிக்கும்போது கட்டை விரல் மட்டும் தனியா விலகி நிக்குது. கழட்டுங்க."

கையுறை காய்ந்த ரத்தத்தில் ஒட்டிப் போயிருந்தது. வெந்நீரில் ஊறவைத்துத்தான் கழற்ற முடிந்தது. உள்ளே சுற்றியிருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்ததும் நர்சக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாய் இந்த அழுக்குத் துணியைச் சுற்றும்போது எங்கே போயிருந்தது என்று கேட்டார். சார் சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு, கையோடு பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு அழைத்துப் போய் டெட்டனஸ் ஊசியும் போட வைத்துத்தான் விட்டார்.

திரும்பி வரும்போது சார் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு கட்டை அவர் பார்த்ததே இல்லை. தோலோடு தோலாகப் படிந்திருந்தது. முடிச்சு என்று ஒன்றே இல்லை. துணி நுனியை மணிக்கட்டுப் பக்கமாகச் சாய்வாக மடித்து உள்ளே செருகியிருந்தது. பையிலிருந்த வேறு கையுறையை எடுத்து மாட்டிப் பார்த்தார். ஒரு புடைப்பு இல்லை, உள்ளே காயம் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

"எப்படி இவ்வளவு மெல்லிசா கட்டுற?" என்று கேட்டார்.

"பழக்கந்தான்" என்றார் நர்சக்கா. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நாளைக்கு போர்டை மாத்திடுவீங்கல்ல?" என்றார்.

விருந்தாளி வருகிற நேரத்தில் எதற்கு, திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன் என்று சார் இழுத்தார். "எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்றார் நர்சக்கா. எல்லாரும் என்றால் யார் என்று சார் கேட்டிருக்கலாம். அவருக்குக் கேடயத்தை எந்த அலமாரியில் வைப்பது என்பதே பெரிய யோசனையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்தார். கூடவே படம் எடுக்க ஒருவர், கைதட்ட இரண்டு பேர். சார் மேடையேறி வெளுத்து வாங்கினார். கத்தரியைத் திறக்கும்போது மட்டும் உயிர் போய் உயிர் வந்தது, அதைப் புன்னகையில் பூசி மெழுகிவிட்டார். மீசைக்காரர் கதையையும் சொன்னார். தலைவர் உருகிப்போனார். உருகினவர் சும்மா இருந்திருக்கலாம். ஒரு புதுமையான படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. எல்லாரும் கையுறையைக் கழற்றிவிட்டு, கீறல் படாத கைகளை உயர்த்திக் காட்ட வேண்டுமாம்.

ஒரு கைகூட அசையவில்லை. சார் தனக்கு மட்டும்தான் வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் கூட்டமே வேர்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் கையெல்லாம் மண் என்றார். இன்னொருத்தர் தனக்குக் குளிர் ஆகாது என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தலைவருக்குப் பொறுமை போய், பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரரின் கையுறையைத் தானே பிடித்து உருவினார்.

இரண்டு விரலில் கட்டு. தோலோடு தோலாகப் படிந்த கட்டு. நுனி மணிக்கட்டுப் பக்கமாகச் சாய்வாக மடித்துச் செருகியிருந்தது.

இனி மறைத்து என்ன என்று டீச்சரும் கழற்றினார். ஆள்காட்டி விரலில் அதே கட்டு. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். சிலருக்குக் கட்டு, சிலருக்கு ஆறின தழும்பு, ஒருவருக்குக் கறுத்துப்போன நகம். சார் வாயில் ஈ நுழைவது தெரியாமல் பார்த்துக்கொண்டே தன் கையுறையைக் கழற்றினார். எல்லாரும் அவர் கட்டை விரலைப் பார்த்தார்கள்.

தலைவருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரே மாதிரிக் கட்டுகளைப் பார்த்ததும் அவர் புத்தி போன திசையே வேறு. "அடடா, கையுறைக்குள்ளயே இன்னொரு காப்பா? சார், உங்க மூளையே மூளை. இதை எல்லாக் குடியிருப்புக்கும் கட்டாயமாக்கிடுவோம்" என்றார். கூட வந்த இருவரும் கைதட்டினார்கள். சார் தலையை ஆட்டியிருந்தால் போதும், கேடயமும் பதவியும் கைக்கு வந்திருக்கும். ஆட்டத்தான் நினைத்தார். ஆனால் கண் தன்னால் ஓரத்தில் நின்ற மனைவியிடம் போனது, கால் அவரை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியது.

"எல்லாருக்கும் நீதான் கட்டினியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சமையல்கட்டுப் பின்வாசலுக்கு வருவாங்க. நீங்க கருவி துடைக்கிற நேரமா பார்த்து."

"ஃபாக்டரியில?"

"அங்கதானே பழகினேன்."

கேட்க வேண்டாம் என்று சாருக்கு உள்ளே ஏதோ சொன்னது, வாய் கேட்டுவிட்டது. "மீசைக்காரர்?"

நர்சக்கா கையில் இருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்தார்.

"பிரஸ்ல விரல் மாட்டிக்கிச்சு. உங்க விசாரணைக்குப் பயந்து மறைச்சு வச்சிருந்தார். என்கிட்ட வந்தப்போ சீழ் வச்சுப் போச்சு. வெளி ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. கையுறையில அந்த ரெண்டு விரலுக்கும் பஞ்சை அடைச்சுக்கிட்டுத்தான் உங்க முன்னாடி வந்து நின்னார். நீங்க அவருக்கு இன்னொரு ஜோடி கொடுத்தீங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். வந்தப்பல்லாம் நீங்க போர்டைத் துடைச்சிட்டு இருந்தீங்க. நானும் திரும்பிப் போயிட்டேன். அது என் தப்பு. இன்னும் எனக்கு அது ஆறல."

மீசைக்காரரின் அந்தக் கண்ணீரைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம் என்று நினைத்தபோது சாருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தலைவர் பின்னாலிருந்து கூப்பிட்டதைக் கேட்காமல் நேராகப் போர்டுக்குப் போனார். தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பூஜ்யத்தை மாட்டினார். பிறகு அதற்குக் கீழே, அடிபட்டவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"நேத்து காலையில கத்தரிக்குப் பதம் இருக்கான்னு கட்டை விரலை வச்சுப் பார்த்தேன். வெட்டிடுச்சு. மறைச்சேன்" என்றார்.

பேக்கரிக்காரர், தானும் அப்படிப் பார்த்துத்தான் வெட்டிக்கொண்டதாக முணுமுணுத்தார். டீச்சர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது போலக் கேள்வி தெளிவாக வந்தது.

"கவனம் எங்க இருந்துச்சு, சார்?"

சார் தலைக்கு மேலே கையைக் காட்டினார். "இந்த போர்டு மேல, டீச்சர்."

பின்வரிசைப் பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை. தலைவர் சங்கடப்பட்டு, இதைப் பற்றிக் கூட்டமைப்பில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கேடயத்தைத் திரும்பப் பையில் போட்டார். அவர் வண்டி கிளம்பிப் போனது. பிறகு டீச்சர், தான் எப்படி வெட்டிக்கொண்டார் என்று சொல்ல ஆரம்பித்தார். வாரியை மல்லாத்தி வைத்து மிதித்த கதையை இன்னொருவர் சொன்னார். சார் யார் பேச்சிலும் குறுக்கிடவில்லை. நர்சக்கா வீட்டுக்குப் போய் மருந்துப் பெட்டியை முன்வாசல் வழியாகவே எடுத்துவந்து கருவி அறையில், கத்தரிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எல்லாரும் கலைந்த பிறகு மீசைக்காரர் இருக்கிற இடம் தெரியுமா என்று சார் கேட்டார். தெரியும் என்றார் நர்சக்கா, ஒரு பஸ்ஸில் போய்விடலாம் என்றார்.

"போய் அவர்கிட்ட என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் கையைப் பாருங்க. நீங்க அதைப் பார்த்ததே இல்லையே."

சார் கத்தரியைத் துடைத்து, பூட்டைப் போட்டு, சுவரில் அதன் இடத்தில் மாட்டினார். கையுறையை அங்கேயே விட்டுவிட்டுச் சட்டை மாற்ற வீட்டுக்குப் போனார்.